1.0 டர்போ, 1.2, 1.5: சிசி குறைஞ்சா மைலேஜ் கூடுமா?

புதுவண்டி_தாம்பரம்

நாலு மீட்டருக்குள்ள ஒரு சின்ன எஸ்யூவி எடுக்கணும். ஆன்-ரோடு 12 லட்சம், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பரவாயில்லை. பெட்ரோல், மேனுவல். மாசம் 1,200 கிமீ ஓடும். முக்கால்வாசி சென்னை டிராஃபிக், மிச்சம் திருச்சி வரை நெடுஞ்சாலை.

ஒரு ஷோரூம்ல "1.0 டர்போ எடுங்க சார், சிசி கம்மி, பெட்ரோல் கம்மியா குடிக்கும்"ங்கிறாங்க. இன்னொரு ஷோரூம்ல "1.5 எடுங்க, என்ஜினுக்குச் சிரமம் இருக்காது, மைலேஜ் தானா வரும்"ங்கிறாங்க. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? இப்ப எல்லாக் கம்பெனியும் சிலிண்டரையும் சிசியையும் குறைக்கிறது பெட்ரோலை மிச்சம் பிடிக்கவா, வரியை மிச்சம் பிடிக்கவா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

சுழல்தண்டு

ரெண்டுக்கும்தான். ஆனா நம்ம ஊர்ல வரிக்குத்தான் முதல் மரியாதை.

1200 சிசிங்கிற எண்ணை எந்த என்ஜினியரும் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிக்கலை. 2006 மத்திய பட்ஜெட்ல சின்ன கார்களுக்கு எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-க்குக் குறைச்சாங்க. எது சின்ன கார்? நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும், பெட்ரோல்னா 1200 சிசி, டீசல்னா 1500 சிசி தாண்டக் கூடாது. அன்னைக்குப் போட்ட கோடுதான் இன்னைக்கும் இருக்கு. 1197, 1199னு வர்ற எண்ணெல்லாம் அந்தக் கோட்டை மிதிக்காம நிக்கிற எண்கள். 3,995 மில்லிமீட்டர் நீளத்துல இத்தனை வண்டிகள் இருக்கிறதுக்கும் இதே காரணம்.

2017-ல ஜிஎஸ்டி வந்தப்ப 28 சதவீதத்துக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரி. சின்ன பெட்ரோல் காருக்கு 1 சதவீதம்தான். கோட்டைத் தாண்டின வண்டிகளுக்கு, பிறகு ஏத்தின விகிதப்படி, 1500 சிசி வரை 17, அதுக்கு மேல 20, பெரிய எஸ்யூவின்னா 22. 2025 செப்டம்பர் 22-லிருந்து செஸ்ஸே கிடையாது. சின்ன கார் 18 சதவீதம், மத்த பெட்ரோல், டீசல் கார் எல்லாம் 40.

இதுல பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு. பெரிய கார்களுக்கு 1500 சிசின்னு இருந்த படி இப்ப போயிடுச்சு. 1498 சிசி இருந்தாலும் 1,987 சிசி இருந்தாலும் அதே 40. இனிமே 1.5 லிட்டரோட நிக்கணும்னு வரி சொல்லலை. அடுத்த அஞ்சாறு வருஷத்துல 1.6, 1.8, 2.0 பெட்ரோல் திரும்ப வந்தா ஆச்சரியப்படாதீங்க. 1200 கோடு மட்டும் முன்னைவிடக் கனமாயிடுச்சு. மாருதியோட ஃப்ராங்க்ஸும் பிரெஸ்ஸாவும் ஒரே 3,995 மில்லிமீட்டர். ஆனா பிரெஸ்ஸால 1,462 சிசி என்ஜின், அதனால 40 சதவீதம், ஃப்ராங்க்ஸுக்கு 18. நீங்க கேக்கிற 1.5-ல வரியே எவ்வளவு போகுதுன்னு பாத்துக்கோங்க.

இது நம்ம நாட்டு நோய் மட்டுமில்லை. ஜப்பான்ல கெய் கார்ங்கிற குட்டிக் கார் வகைக்குச் சட்ட வரம்பு ரொம்ப வருஷம் 360 சிசி, 1976-ல 550, 1990-ல 660. சட்டம் எங்க கோடு போட்டுச்சோ அங்கதான் என்ஜின் நின்னுச்சு.

பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற நெருக்கடி தனியா கஃபே விதி மூலமா வருது. ஒரு கம்பெனி வருஷத்துக்கு விக்கிற எல்லாக் கார்களின் சராசரி கார்பன் டை ஆக்சைடும் வரம்புக்குள்ள இருக்கணும். 2017-18 முதல் கிமீக்கு 130 கிராம், 2022-23 முதல் 113 கிராம். பெட்ரோல் கணக்குல 113 கிராம்னா லிட்டருக்கு ஏறக்குறைய 21 கிமீ. கம்பெனியின் சராசரி எடைக்கேத்த மாதிரி இந்த வரம்பு கொஞ்சம் ஏறி இறங்கும். இந்தச் சராசரியைக் கீழ இறக்கத்தான் சிஎன்ஜி, ஹைப்ரிட், எலெக்ட்ரிக் எல்லாத்தையும் தள்ளுறாங்க.

---

கணக்குப்பிள்ளை

இரண்டு ஷோரூமும் சொன்னது பாதிப் பாதி சரி. எந்தப் பாதி என்பதை எண்களாகவே பார்க்கலாம்.

ஆட்களோடு 1,350 கிலோ எடையுள்ள ஒரு காம்பாக்ட் எஸ்யூவியை எடுத்துக்கொள்கிறேன். காற்றெதிர்ப்புக் கெழு 0.36, முகப்புப் பரப்பு 2.5 சதுர மீட்டர், டயர் உருளல் எதிர்ப்பு 0.011. சமதளத்தில் ஒரே வேகத்தில் போக, சக்கரத்துக்கு வேண்டிய திறன் இது:

80 கிமீ வேகத்தில் சுமார் 9 கிலோவாட்
100-ல் சுமார் 15.5
120-ல் சுமார் 25

118 பிஎச்பி டர்போ என்ஜினின் முழுத் திறன் 88 கிலோவாட். 80-ல் போகும்போது அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் கேட்கிறோம். பெட்ரோல் என்ஜின் மிகச் சிக்கனமாக ஓடுவது ஓரளவு பாரம் சுமக்கும்போது. அந்த நிலையில் ஒரு கிலோவாட்-மணிக்கு 240 கிராம் பெட்ரோல் போதும். பாரம் குறைந்தால் அதே வேலைக்கு 350 கிராமுக்கு மேல் போகும். காற்று நுழையும் கதவான த்ராட்டில் பாதி மூடிக் கிடக்கும்போது காற்றை இழுக்கவே பிஸ்டன் பாடுபட வேண்டியிருக்கிறது. உராய்வோ நீங்கள் மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அதே அளவு.

சின்ன என்ஜினின் லாபம் இங்கேதான். அதே 9 கிலோவாட்டைக் கொடுக்க அதன் த்ராட்டில் இன்னும் அகலமாகத் திறந்திருக்கும். தேய்கிற பரப்பும் குறைவு. 1.5 என்ஜின் இந்த இடத்தில் 330 கிராம் குடிக்கிறது, 1.0 என்ஜின் 280 குடிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் நஷ்டத்தையும் ஏசியையும் விட்டுவிட்டால் லிட்டருக்கு 19.5 கிமீ எங்கே, 23 எங்கே!

இனி அடுத்த பாதி. ஒரு லாரியைத் தாண்ட அழுத்தி மிதிக்கிறீர்கள். டர்போ காற்றை அமுக்குகிறது, சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் ஏறுகின்றன. நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டுவது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். தாமதமானால் எரிந்த வெப்பம் வேலையாக மாறாமல் எக்ஸாஸ்டில் போகும். எக்ஸாஸ்ட் சூடு எல்லை மீறினால் டர்பைனையும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் காப்பாற்ற, தேவைக்கு மேல் பெட்ரோல் தெளிக்கும். அந்த உபரி பெட்ரோல் வண்டியை நகர்த்துவதில்லை. சூட்டைத் தணிக்க மட்டும் போகிறது. நிதானமாக ஓட்டினால் மைலேஜ் தந்த அதே 1.0 டர்போ, விரட்டி ஓட்டினால் 1.5-ஐவிட அதிகம் குடிப்பது இதனால்தான்.

சர்டிஃபிகேட் மைலேஜில் இது ஏன் தெரிவதில்லை? இந்தியச் சோதனைச் சுழற்சி 1,180 விநாடி, 10.6 கிமீ தூரம், அதிகபட்ச வேகம் 90, சராசரி 32 கிமீ. சோதனைக்கூட உருளை மேல், ஏசி அணைத்த நிலையில். அவ்வளவு மென்மையான ஓட்டத்தில் டர்போவுக்குப் பெரிதாக வேலையே இல்லை. ஃப்ராங்க்ஸ் அறிமுகமானபோது 1.2 மேனுவலுக்கு 21.79, 1.0 டர்போ மேனுவலுக்கு 21.5 என்று கொடுத்தார்கள். உருளை மேல் இரண்டும் ஒன்று. சாலையில் எவ்வளவு பிரியும் என்பதை உங்கள் வலது கால்தான் முடிவு செய்யும்.

---

நெடுஞ்சாலை_66

கணக்கு அருமை. ஆனா 80-ல யாரு சார் திருச்சி போறாங்க?

100-110-ல போறவங்களுக்குச் சின்ன டர்போவைவிடக் கொஞ்சம் பெரிய டர்போ நல்லது. ஸ்கோடா ஸ்லாவியாவையே எடுத்துக்கோங்க. 1.0 மேனுவல் 19.47, 1.5 மேனுவல் 18.72னு சர்டிஃபிகேட். பிஎச்பி 114-க்குப் பதிலா 148, டார்க் 178-க்குப் பதிலா 250 என்எம். இவ்வளவு கூடியும் மைலேஜ் முக்கால் கிமீதான் குறையுது. அந்த 1.5-ல பாரம் இல்லாதப்ப ரெண்டு சிலிண்டரை அணைச்சிடுவாங்க. விரைவுச்சாலையில ஒரே சீரா போனா 1.0-ஐயே முந்திடும்.

உலகமே இந்தப் பக்கம்தான் திரும்புது. ஐரோப்பாவுல 2017 செப்டம்பர்லயிருந்து புது மாடல்களுக்கு ரோட்லயே வண்டியை ஓட்டிப் புகையை அளக்க ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் லேப்ல நல்ல பிள்ளையா இருந்த குட்டி என்ஜின்கள் ரோட்ல மாட்டிக்கிச்சு. வோக்ஸ்வேகன் 1.4-ஐ 1.5 ஆக்கினாங்க. இங்க ஹூண்டாய், கியா 1,353 சிசி டர்போவை எடுத்துட்டு 2023-ல 1,482 சிசி போட்டாங்க. 2023 ஏப்ரல்ல பிஎஸ்6 ரெண்டாம் கட்டம் வந்ததுலயிருந்து நம்ம ஊர்லயும் ரோட்டுச் சோதனை உண்டு. ஆக, சிசி குறையுதுங்கிறது பழைய செய்தி. நாலு மீட்டருக்கு மேல பாத்தா இப்ப மெதுவா ஏறுது.

---

ஸ்பேனர்_கோவை

தியரி எல்லாம் சரிங்க. அஞ்சு வருசம் கழிச்சு அந்த மைலேஜ் நிக்குதான்னும் பாக்கணுமில்லைங்களா. டர்போ எடுக்கறவங்க கீழ இருக்கறதைத் தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

மொதல்ல ஆயில். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போறது) டர்போவுல 1,500 ஆர்பிஎம்-ல டாப் கியர் போட்டு முழுசா மிதிச்சா, ரிங் இடுக்குல இருக்கற ஆயில் துளி ஸ்பார்க்குக்கு முன்னாடியே தீப்புடிக்கும். ஒரே ஒரு தடவை பலமா அடிச்சாலே பிஸ்டன்ல ரிங் உக்கார்ற விளிம்பு ஒடைஞ்சு போகுங்க. சத்தம் 'டக்'குனு ஒண்ணுதான் வரும், பின்னாலயே புகை, கம்ப்ரஷன் போயிடும். இதைத் தடுக்கத்தான் ஏபிஐ எஸ்பி தர ஆயில் வந்துச்சு. டப்பாவுல 'எஸ்பி' இருக்கான்னு பாத்து வாங்குங்க, கிரேடு மேனுவல்ல சொன்னதையே ஊத்துங்க. "கெட்டி ஆயில் ஊத்துனா என்ஜின் நிக்கும்"னு யாராச்சும் 20டபிள்யூ-50 ஊத்துனா மைலேஜும் போகும், டர்போ பேரிங்குக்கு ஆயில் போறதும் தாமதமாகும். சிட்டிக்குள்ளயே உருளற வண்டின்னா 10,000 வரைக்கும் காத்திருக்காதீங்க. 7,500-ல, இல்லைன்னா வருசத்துக்கு ஒருக்கா, எது முந்துதோ அப்ப மாத்துங்க.

ரெண்டாவது, வால்வுல கரி. போர்ட் இன்ஜெக்ஷன்னு சொல்ற சாதா என்ஜின்ல இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னாடி பெட்ரோலைத் தெளிக்கும், அதுவே வால்வைக் கழுவிடும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போயிடறதால, பிரீதர் வழியா வர்ற ஆயில் ஆவி வால்வு முதுகுல ஒட்டிக் கரியாகும். காலைல ஸ்டார்ட் பண்ணா ஒரு நிமிசம் துள்ளும், ஐடிலிங் ஏறி எறங்கும், ஸ்கேன் பண்ணா பி0300-ல ஆரம்பிச்சு மிஸ்ஃபையர் கோடு காட்டும். டேங்க்ல ஊத்தற கிளீனர் அந்த எடத்துக்கே போகாது, காசு தண்டம். இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டி, வால்வு மூடின நெலையில வால்நட் ஓட்டுத் தூளை அடிச்சுத்தான் சுத்தம் பண்ணணும்.

டர்போன்னாலே டைரக்ட் இன்ஜெக்‌ஷன்னு நெனைக்க வேண்டாங்க. நெக்ஸான் 1.2 டர்போ போர்ட் இன்ஜெக்‌ஷன்தான். மஹிந்திரா 3எக்ஸ்ஓல ரெண்டும் இருக்கு: கம்மி பவர் வர்றது போர்ட், கூட வர்றது டைரக்ட். ஃப்ராங்க்ஸ் 1.0, வென்யூ 1.0 ரெண்டும் டைரக்ட். கரித் தொல்லை வேண்டாம்னா இதைப் பாத்து எடுக்கலாம்.

மூணாவது, மைலேஜ் திடீர்னு ரெண்டு மூணு கிமீ கொறைஞ்சு பிக்கப்பும் சோர்ந்தா, டர்போ காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலரோட ஹோஸை நேராப் பாருங்க. கிளாம்ப் லூசாயிருக்கும், இல்லைன்னா ரப்பர் வெடிச்சிருக்கும். மிதிக்கும்போது 'உஸ்ஸ்'னு காத்து சத்தம், கசியற எடத்துல ஆயில் பிசுபிசுப்பு. புகை விட்டுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும். இதைப் பாக்காம சென்சர் சென்சரா மாத்தி பில்லு போடறவங்க நெறையப் பேருங்க.

ஸ்பார்க் பிளக் முனை இடைவெளி (கேப்) இன்னொண்ணு. சாதா என்ஜின்ல 1.0, 1.1 மில்லிமீட்டர் இருக்கும். டர்போவுல பொதுவா 0.7 பக்கம். சாதா பிளக்கை எடுத்து டர்போவுல மாட்டுனா பாரம் ஏறும்போது ஸ்பார்க் அணைஞ்சு இழுத்து இழுத்துப் போகும்.

---

சுழல்தண்டு

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. குன்னூர் மாதிரி மலையேறி முடிச்ச உடனே, டர்போ ஆறுறதுக்குள்ள என்ஜினை அணைக்காதீங்க. கடைசி ஒரு கிமீ மெதுவா ஓட்டி, நிறுத்தினதும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐடிலிங் விட்டா போதும். சிட்டியில ஆபீஸ் வாசல்ல நிறுத்தும்போது இதெல்லாம் தேவையில்லை.

"சிசி கம்மின்னா மைலேஜ் கூட"ங்கிறதுக்கு நேர் எதிரான சாட்சி மாருதிகிட்டயே இருக்கு. ஆல்டோ 800: 796 சிசி, 47 பிஎச்பி, பிஎஸ்6 காலத்துல சர்டிஃபிகேட் 22.05. ஆல்டோ கே10: 998 சிசி, 66 பிஎச்பி, மேனுவல் 24.39. சிசி நாலுல ஒரு பங்கு கூடியிருக்கு, மைலேஜும் கூடியிருக்கு. காரணம் 796 என்ஜினோட வயசு. அடிப்படை வடிவம் மாருதி 800 காலத்துது. 998 புது வடிவம்: உராய்வு கம்மி, எரியறது சுத்தமா.

ஸ்விஃப்ட் இன்னும் நல்ல உதாரணம், ஏன்னா சிசி மாறவே இல்லை. பழைய நாலு சிலிண்டரும் 1,197, 2024-ல வந்த மூணு சிலிண்டரும் 1,197. பழசுல சிலிண்டர் விட்டம் 73, பிஸ்டன் ஓட்டம் 71.5 மில்லிமீட்டர். புதுசுல 74, 92.8. விட்டத்தைவிடப் பிஸ்டன் ஓட்டம் நல்லா நீளமா ஆனா, எரியற வாயு சுவரைத் தொடுற பரப்பு கம்மி, சூடு வீணாகிறது கம்மி. ஒரு பிஸ்டன், ரெண்டு பேரிங், நாலு வால்வோட உராய்வும் மிச்சம். மேனுவல் 22.38-லயிருந்து 24.8 ஆச்சு. விலை என்னன்னா பிஎச்பி 88-லயிருந்து 80-க்கு இறங்கிச்சு, 4,000-க்கு மேல பழைய என்ஜினோட ஆர்வம் இல்லை, ஐடிலிங்ல சீட்டுல ஒரு சின்ன நடுக்கம்.

என்ஜின்ல சிசியைக் கடைசியாப் பாருங்க. எத்தனை சிலிண்டர், எந்த வருஷத்து வடிவம், வண்டி எடை எவ்வளவு, டாப் கியர்ல 100-க்கு எத்தனை ஆர்பிஎம்... மைலேஜ் இங்கதான் முடிவாகுது.

---

அண்ணாநகர்_டிராஃபிக்

முக்கால்வாசி சென்னை டிராஃபிக்னு சொல்றாரு, எல்லாரும் ஹைவே பேசுறீங்களே! சிக்னல்ல நிக்கிறப்ப என்ன மைலேஜ்? பூஜ்யம்தான். 1.2 என்ஜின் ஏசியோட நின்னா மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும், ஏசி இல்லாட்டி அதுல பாதி, முக்கால். இது 1.0-வா 1.5-ஆங்கிறது அப்புறம். நிறுத்தும்போது என்ஜின் தானா அணையுற வசதி இருந்தா அதை ஆஃப் பண்ணாம ஓட்டுங்க.

சிட்டிக்குத்தான்னா ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோட மின் மோட்டாரும் சேர்ந்தது) பாருங்க சார்.

---

கணக்குப்பிள்ளை

ஹைப்ரிட் அவருடைய பட்ஜெட்டுக்கு மேலே. ஆனாலும் இழையின் கேள்விக்கு அதில் ஒரு விடை இருப்பதால் சொல்கிறேன்.

கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட்களில் 1,490 சிசி மூன்று சிலிண்டர், டர்போ கிடையாது. சர்டிஃபிகேட் மைலேஜ் 27.97. இன்னோவா ஹைகிராஸில் 1,987 சிசி. அத்தனை பெரிய வண்டிக்கு 23.24. சிசியைக் குறைக்காமலேயே இது எப்படி வருகிறது என்றால், இவை அட்கின்சன் சுழற்சியில் ஓடுகின்றன. பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்த பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். இழுத்த காற்றில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும். அமுக்குவது குறைவு, எரிந்தபின் விரிவது நிறைவு. எக்ஸாஸ்டில் வீணாகப் போகும் அழுத்தத்தையும் வேலையாக வாங்கிவிடலாம். காற்றைத் திருப்பி அனுப்புவதால் 1.5 லிட்டர் என்ஜின் அதைவிடச் சின்ன என்ஜின் போலத்தான் டார்க் கொடுக்கும். அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டுகிறது. கடைசியில் கிடைப்பது மொத்தம் 114 பிஎச்பி.

எனவே சிக்கனத்துக்கு இரண்டு வழி. என்ஜினைச் சின்னதாக்கி டர்போ வைப்பது ஒன்று. பெரிதாகவே விட்டு, பாரம் குறைந்த நேரத்தில் அணைத்துவிட்டு மோட்டாரில் ஓடுவது இன்னொன்று. சென்னை நகருக்குள் இரண்டாவது வழி வெகுதூரம் முன்னால். 110 கிமீ வேகத்தில் நெடுஞ்சாலையில் அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிடும், பிரேக் பிடித்தால்தானே பேட்டரிக்குத் திரும்பக் கிடைக்கும்.

---

நெடுஞ்சாலை_66

டீசலையும் ஒரு வரியில முடிச்சிடுவோம். மாசம் 1,200 கிமீ, அதுவும் சிட்டின்னா வேண்டாம். பிஎஸ்6 டீசல்ல டிபிஎஃப்ங்கிற புகை வடிகட்டியில சேர்ந்த கரி எரிஞ்சு சுத்தமாக, விட்டு விட்டு 15, 20 நிமிஷம் 60-க்கு மேல தொடர்ந்து ஓடணும். தாம்பரம்-கிண்டி ஓட்டத்துல அது நடக்காது, விளக்கு எரிஞ்சிட்டே இருக்கும்.

---

வண்டலூர்_வாசி

எல்லாம் சரி, இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தப்புறம் எந்த சிசியா இருந்தா என்ன? எல்லா வண்டியிலயும் மைலேஜ் பாதியாயிடுச்சு. இதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறீங்க!

---

கணக்குப்பிள்ளை

பாதியாக வழியே இல்லை. எத்தனாலில் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆக, கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-ல் சுமார் 7 சதவீதம் குறையும். ஏற்கெனவே ஊற்றிக்கொண்டிருந்த இ10-ஓடு ஒப்பிட்டால் மூன்றரை, நான்கு. 18 தந்த வண்டி 17.3 தரும். அதற்கு மேல் குறைந்திருந்தால் வேறெங்கோ கோளாறு.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் நீண்டகால ஃப்யூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். கலப்பில்லாத பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இ10-க்கு 14.1, இ20-க்கு 13.5. இ10-க்கு அமைத்த வண்டியில் டிரிம் 4 சதவீத வாக்கில் ஏறி நிற்பது இயல்பு. அது 10-ஐத் தாண்டினால் எத்தனாலைத் திட்டுவதை நிறுத்திவிட்டு வேக்கம் ஹோஸ், ஃப்யூயல் பம்ப் அழுத்தம், முன் ஆக்சிஜன் சென்சர் மூன்றையும் வரிசையாகச் சோதியுங்கள்.

டர்போவுக்கு இதில் ஒரு சின்ன ஆதாயமும் உண்டு. முன்பு சாதா பெட்ரோல் 91 ஆக்டேன்; இ20 95. நாக்கிங் தள்ளிப்போவதால் ஸ்பார்க்கை அவ்வளவு தாமதப்படுத்த வேண்டியதில்லை. இ20-க்கென்றே அமைத்த புதிய டர்போக்கள், இழந்ததில் கொஞ்சத்தைப் பாரம் ஏறும்போது மீட்டுக்கொள்ளும்.

---

நெறியாளர்

எத்தனால் பேச்சு இதோட போதும். அதுக்குத் தனி இழை இருக்கு, அங்க தொடருங்க. இங்க என்ஜின் அளவு மட்டும்.

---

புதுவண்டி_தாம்பரம்

எல்லாருக்கும் நன்றி. பாதி புரிஞ்சுது, மீதியை ரெண்டு தடவை படிக்கணும். 1.5 வரிக்கணக்கு பாத்ததும் லிஸ்ட்லயிருந்து எடுத்துட்டேன். இப்ப 1.2 சாதா, இல்ல 1.0 / 1.2 டர்போ. காசுக் கணக்குல எது சரி? டெஸ்ட் டிரைவ்ல எதைப் பாக்கணும்? வாங்கினப்புறம் மைலேஜை எப்படி ஒழுங்கா அளக்கிறது? டேஷ்போர்டு காட்டுறதை நம்பலாமா?

---

சுழல்தண்டு

காசுக் கணக்கு சுலபம். வருஷம் 14,400 கிமீ. உங்க ஓட்டத்துக்கு 1.2 சாதா 17-ம் டர்போ 15-ம் தருதுன்னு வைங்க: 847 லிட்டர், 960 லிட்டர். 113 லிட்டர் வித்தியாசம், சென்னையில லிட்டர் 101 ரூபாய்னா வருஷத்துக்கு 11,400 ரூபாய். வண்டி விலையில ஒரு லட்சம் வித்தியாசம், அதோட ஆயிலையும் அடிக்கடி மாத்தணும். மைலேஜுக்காக டர்போ எடுத்தேன்னு சொன்னா கணக்கு உதைக்கும். நாலு பேர், லக்கேஜ், ஏசி போட்டுக்கிட்டு லாரியைத் தாண்ட வேண்டியிருக்குன்னு எடுத்தீங்கன்னா நியாயம் இருக்கு. ஃப்ராங்க்ஸ்ல 1.2-க்கு 113 என்எம், 1.0 டர்போவுக்கு 147. அந்த வித்தியாசம் பெருங்களத்தூர் மேம்பாலத்துல தெரியாது, திண்டிவனம் தாண்டினா தெரியும்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியா போகாதீங்க, மூணு பேரை ஏத்திக்கோங்க. ஏசியை முழுசா வைங்க. இரண்டாம் கியர்ல 10, 12 கிமீ வேகத்துல மெதுவா மிதிச்சா இழுக்குதா, இல்ல உதறி முதல் கியரைக் கேக்குதா? சென்னையில நாள் பூரா பண்ணப் போறது இதைத்தான். சின்ன டர்போக்கள் 1,700 ஆர்பிஎம்-க்குக் கீழ சாதா 1.0 மாதிரிதான் இருக்கும். அந்த இடத்துல 1.2 சாதா பெரும்பாலும் இதமா இருக்கும். அப்புறம் வெளிவட்டச் சாலையில டாப் கியர்ல 100 வெச்சு ஆர்பிஎம் எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. எந்த வண்டி கம்மியா காட்டுதோ அது நெடுஞ்சாலை மைலேஜுல கை கொடுக்கும்.

---

ஸ்பேனர்_கோவை

அளக்கறதுக்கு டேஷ்போர்டை நம்பாதீங்க. வழக்கமா அஞ்சு சதவீதம், சிலதுல அதுக்கும் மேல கூட்டிக் காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், வண்டி சமமா நிக்கற எடம். மொதல் ஆட்டோ கட்ல நிறுத்துங்க, "ரவுண்டா போட்டுரலாம் சார்"னு மேல ஊத்த விடாதீங்க. அப்படி ஊத்துனா ஆவி பிடிக்கற கேனிஸ்டர்ல பெட்ரோல் போயி அதுவே தனிச் செலவாயிரும். ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணிட்டு 300 கிமீக்குக் கொறையாம ஓட்டி, அதே பம்ப்ல அதே மாதிரி ரொப்பி, கிமீயை லிட்டரால வகுங்க. ஒரு தடவை போட்டுட்டு முடிவு பண்ணாதீங்க, மூணு ரொப்பலோட சராசரி எடுங்க. மொத 5,000 கிமீ வரைக்கும் வர்ற எண்ணைக் கணக்குலயே சேக்க வேண்டாம், புது என்ஜின் எறுக்கமா இருக்கும்.

டயர்ல காத்து காலைல குளிர்ந்த நெலைல பாருங்க. எறக்கத்துல நியூட்ரல் போட்டா மிச்சம்னு சொல்லுவாங்க, அதையும் கேக்காதீங்க: கியர்லயே விட்டு ஆக்ஸிலேட்டரை எடுத்தா இன்ஜெக்டர் பெட்ரோலை மொத்தமா நிறுத்திரும், நியூட்ரல்ல ஐடிலிங்குக்குக் குடிச்சிட்டே இருக்கும். டயரை அகலமாக்கினா மைலேஜ் எறங்கும். மொத்த விட்டமும் மாறிருந்தா ஓடோமீட்டரே தப்பாக் காட்டும், அப்ப மேல சொன்ன வகுத்தல் எல்லாம் ஜிபிஎஸ் கிமீ வெச்சுத்தான் போடணுங்க.